ஓலை தீர்ந்த பிறகு: ‘பொன்னியின் செல்வன்’ படங்களின் பலமும் பலவீனமும்

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகங்களும் (2022 செப்டம்பர், 2023 ஏப்ரல்) வரலாற்று அதிரடிப் படம் என்ற அளவில் எங்கே தேறுகின்றன, எங்கே சறுக்குகின்றன என்பது கேள்வி. மூலமான கல்கியின் நாவலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு அது இல்லை, இது இல்லை என்று கணக்கெடுப்பது இதற்குப் பதிலாகாது. மணிமேகலை படத்தில் இல்லை. சேந்தன் அமுதன் கதை சுருங்கிப் போயிற்று. இவை விடுபட்டவை. விடுபட்டதெல்லாம் பலவீனம் ஆகிவிடாது. விட்டுவிட்டு எடுத்தது தன் காலில் நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

முதல் பாகம் சரளமாக ஓடுவதற்கும் இரண்டாம் பாகம் கடைசியில் மூச்சு வாங்குவதற்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே. முதல் பாகத்தில் ஓர் ஆள் ஓலை கொண்டு போகிறான். இரண்டாம் பாகத்தில் கொண்டு போக ஓலை இல்லை.

கல்கி இந்தக் கதையைக் கட்டிய விதமே அதுதான். வந்தியத்தேவன் அரச குடும்பத்து ஆள் இல்லை. வாணர் குலத்தில் பிறந்தும் ஆள நாடில்லாதவன். சோழ அரண்மனையின் உள்விவகாரம் அவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். கடம்பூரில் ஒளிந்து நின்று சதியைக் கேட்கிறான். தஞ்சையில் சின்னப் பழுவேட்டரையரின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுச் சக்கரவர்த்தி சுந்தர சோழரைப் பார்க்கிறான். பழையாறையில் இளவரசி குந்தவை அடுத்த ஓலையைக் கொடுக்கிறாள். கோடிக்கரையில் பூங்குழலியின் படகு. கடல் தாண்டி ஈழம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு புது மனிதர், ஒரு புது ஆபத்து, கையில் முடிக்காத ஒரு வேலை. இருபதுக்கும் மேற்பட்ட முக்கியப் பாத்திரங்களைப் பார்வையாளருக்கு அறிமுகப்படுத்த இதைவிட எளிய வழி கிடையாது. திரைக்கதை எழுதிய மணிரத்னமும் குமரவேலும் இந்தச் சட்டகத்தைக் கலைக்காமல் விட்டது, படத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே சிறந்த முடிவு. கார்த்தியின் குறும்பு அதற்கு எண்ணெய் போட்டது. அவர் இடத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும் நாயகன் ஒருவர் இருந்திருந்தால் முதல் பாகம் வரலாற்றுப் பாடமாகியிருக்கும்.

ஆனால் அந்தச் சட்டகத்துக்கு முன்னால் ஒரு போரைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். நாவல், ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தனியே வரும் ஒரு குதிரைக்காரனோடு தொடங்குகிறது. படம், தக்காணத்தை ஆண்ட இராட்டிரகூடர்களோடு நடக்கும் போரில் தொடங்குகிறது. காரணம் புரிகிறது: விக்ரம் நடிக்கும் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைச் சீக்கிரம் காட்டியாக வேண்டும், பிரம்மாண்டத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முதல் தவணையைக் கொடுத்தாக வேண்டும். விலை என்ன? கரிகாலன், அவன் நண்பன் பார்த்திபேந்திரன், வந்தியத்தேவன் மூவரையும் தூசிக்கும் புகைக்கும் நடுவே, போர்க்கோலத்தில் ஒரே சமயத்தில் சந்திக்கிறோம். நாவல் படித்தவருக்குச் சிக்கல் இல்லை. படிக்காதவர் யார் யாரென்று பிரித்துக்கொள்ளவே முதல் கால் மணி நேரம் போய்விடும். என் கணக்கில் இதில் வரவைவிடச் செலவு அதிகம்.

இனி நேரக் கணக்கு. நாவலின் 5 பாகங்களில் மொத்தம் 293 அத்தியாயங்கள்: 57, 53, 46, 46, 91. முதல் படம் ஏறக்குறைய முதல் இரண்டு பாகங்களை, அதாவது 110 அத்தியாயங்களை எடுத்துக்கொள்கிறது. நடுக்கடல் புயலோடு நிற்கிறது. மிச்சமுள்ள 183 அத்தியாயங்களும் இரண்டாம் படத்தின் தலையில் விழுகின்றன. இரண்டு படங்களும் இரண்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டியவை. ஆக முதல் படத்தில் ஓர் அத்தியாயத்துக்கு ஒன்றரை நிமிடம் கிடைத்தால், இரண்டாவதில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. முதல் படத்துக்குக் கப்பல் மூழ்குவது அருமையான இடைநிறுத்தம்தான். ஆனால் கதையை அங்கே வெட்டியதுமே அடுத்த படத்தின் நெரிசல் உறுதியாகிவிட்டது. நாகப்பட்டினம் சூடாமணி விகாரம், பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினியின் பிறப்பு, ஊமை ராணி மந்தாகினியின் முடிவு, கடம்பூர்க் கொலை, வந்தியத்தேவன் மீது விழும் பழி, பட்டத்து உரிமை எல்லாம் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி நிற்கின்றன.

அந்த நெரிசலிலும் இரண்டாம் பாகம் ஓரிடத்தில் உச்சம் தொடுகிறது. தஞ்சையில் சக்கரவர்த்தி, நாகப்பட்டினத்தில் அவருடைய இளைய மகன் அருள்மொழி, கடம்பூரில் மூத்த மகன் கரிகாலன் என மூன்று உயிர்களுக்கு மூன்று இடங்களில் குறி வைக்கப்படுகிறது. மூன்றையும் மாறி மாறிக் காட்டும் இந்த இணைவெட்டு, ஓலை போன இடத்தை நிரப்புகிறது. எந்தக் கத்தி எங்கே நெருங்குகிறது, எந்தக் காவல் எங்கே தூங்குகிறது என்ற பதற்றம் மூன்று ஊர்களையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. ஸ்ரீகர் பிரசாத்தின் படத்தொகுப்பு இங்கே பாராட்டுக்குரியது: இடம் மாறும்போதெல்லாம் நாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதில் குழப்பமே வருவதில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு. கரிகாலன் செத்ததும் கதையின் மிகப் பெரிய கேள்வி தீர்ந்துபோகிறது. இதுவரை நம்மைக் கூட்டிக்கொண்டு திரிந்த வந்தியத்தேவனோ பழி சுமந்து கட்டுண்டு கிடக்கிறான். அவனால் எதையும் நகர்த்த முடியாது. ஆனால் படம் முடிய இன்னும் கணிசமான நேரம் இருக்கிறது. அந்த வெற்றிடத்தை நிரப்ப மறுபடியும் இராட்டிரகூடர்களோடு ஒரு போர் வருகிறது.

போர்க்காட்சிகளுக்கு வருவோம். அதிரடிக் காவியம் என்று விற்கப்பட்ட படத்தில் மிகச் சாதாரணமான பகுதி இதுதான். ஒரு போர் திரையில் எடுபட வேண்டுமென்றால், முதல் அம்பு பறக்கும் முன்பே மூன்று விஷயங்கள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்: யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், எதைப் பிடித்தால் வெற்றி, எது நடந்தால் தோல்வி. ஆறு, மேடு, கோட்டை வாசல் என்று ஏதாவது ஓர் அடையாளம் அடிக்கடி கண்ணில் பட வேண்டும். இந்தப் படத்தின் தொடக்கப் போரிலும் இறுதிப் போரிலும் கேமரா பெரும்பாலும் வாள்வீச்சுக்கு மிக அருகில் நிற்கிறது. தனித்தனி அடிகள் தெரிகின்றன. படை நகர்வது தெரிவதில்லை. எதிரி எவ்வளவு பேர், எந்தத் திசையில் வருகிறார்கள், நம்மவர்கள் என்ன தந்திரம் செய்கிறார்கள் என்பது விளங்கும் முன்பே வெற்றி அறிவிக்கப்பட்டுவிடுகிறது. இறுதிப் போரில் இது இன்னும் மோசம். அருள்மொழி பின்னாளில் ராஜராஜன் ஆவார் என்பது தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். முடிவு தெரிந்த போரில் ‘எப்படி’ என்பதில்தான் சுவை இருக்க முடியும். அந்த ‘எப்படி’யைப் படம் யோசிக்கவே இல்லை.

இதில் சூழ்நிலைக்கும் பங்கு உண்டு. 2019 டிசம்பரில் தாய்லாந்தில் தொடங்கிய படப்பிடிப்பு கொரோனாவால் நின்று, 2021 தொடக்கத்தில்தான் ஹைதராபாத் ராமோஜி பிலிம் சிட்டியில் மீண்டும் நடந்தது. ஆயிரக்கணக்கான துணை நடிகர்களை ஒரே வெளியில் நிறுத்துவது அப்போது எளிதல்ல. கூட்டம் குறைவாக இருக்கும்போது தூரக் காட்சியைத் தவிர்த்து நெருக்கத்தில் எடுப்பதும், மீதியைக் கணினியில் நிரப்புவதும் சினிமாவில் வழக்கம். அப்படி எடுத்தாலும் களத்தின் வரைபடத்தைப் பார்வையாளரின் தலையில் பதிக்க ஒரு நிமிட உரையாடல் போதும். தளபதிகள் கூடி மணலில் கோடு போட்டுப் பேசும் ஒரு காட்சி அந்த வேலையைச் செய்திருக்கும்.

அதே குழு, அதே சண்டைப் பயிற்சி. ஆனால் கடலில் நடக்கும் சண்டை நன்றாக வந்திருக்கிறது. ஏன்? கப்பலுக்கு ஓரம் உண்டு. விழுந்தால் கடல். பாய்மரம், தீ, மழை, அலை, உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவன், அவனை மீட்க வரும் இன்னொருவன். எல்லை தெரிகிறது, நோக்கம் தெரிகிறது, நேரம் குறைந்துகொண்டே வருவதும் தெரிகிறது. கூடுதலாக, இரவும் மழையும் கணினி வரைகலையின் தையலை மறைத்துவிடுகின்றன. வெட்டவெளிச்சத்தில் காட்டப்படும் படைக்கூட்டங்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஈழத்தில் அருள்மொழியும் வந்தியத்தேவனும் மோதிக்கொள்ளும் வாட்போரையும் இதோடு சேர்க்கலாம். ஒருவரை ஒருவர் சோதித்து, அடித்துக்கொண்டே நண்பர்களாகிறார்கள். வசனமாகப் பத்து வரி எழுதினாலும் வராத அறிமுகம் அது.

இந்தப் படங்களின் உண்மையான அதிரடி அறைகளுக்குள் நடக்கிறது. முதல் பாகத்தில் சிற்றரசர்கள் கூடிப் பேசும் சபைக்குள் குந்தவை நுழையும் காட்சியைப் பாருங்கள். அவள் யாரையும் மிரட்டுவதில்லை. தன் சகோதரர்களுக்கு இன்னும் மணமாகவில்லை என்பதை நினைவூட்டி, பெண்ணைப் பெற்றவர்கள் ஒவ்வொருவர் மனத்திலும் ஓர் ஆசையைப் போட்டுவிட்டுப் போகிறாள். ஒன்றாக வந்தவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்கத் தொடங்குகிறார்கள். ஒரு கூட்டணி உடையும் விதத்தை வாள் எடுக்காமல் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறார்கள். குந்தவையும் நந்தினியும் நேருக்கு நேர் சந்திக்கும் காட்சியும் இதே தரம்: இருவரும் சிரிக்கிறார்கள், நலம் விசாரிக்கிறார்கள், மற்றவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்கிறார்கள். த்ரிஷா, ஐஸ்வர்யா ராய் இருவரிடமும் இயக்குநர் குரலை உயர்த்தச் சொல்லாதது பலித்திருக்கிறது. ரவிவர்மனின் ஒளிப்பதிவும் இத்தகைய காட்சிகளில்தான் முழு பலத்தோடு இருக்கிறது. முதல் பாகத்துக்காக அவருக்கும், பின்னணி இசைக்காக ஏ.ஆர்.ரஹ்மானுக்கும், ஒலி வடிவமைப்புக்காக ஆனந்த் கிருஷ்ணமூர்த்திக்கும் தேசிய விருது கிடைத்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருதும் அதே பாகத்துக்குத்தான்.

ஜெயமோகனின் வசனத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடுக்குமொழி நாடகத் தமிழும் இல்லை, இன்றைய தெருப்பேச்சும் இல்லை. நடுவில் ஒரு நடையைப் பிடித்து ஐந்தரை மணி நேரமும் அதை விடாமல் வைத்திருப்பது லேசான காரியமில்லை. இழப்பு ஒன்று உண்டு. கல்கி வாசகரை அவ்வப்போது தோளில் தட்டி, ‘இவரை நினைவிருக்கிறதா?’ என்பதுபோல் உதவிக்கொண்டே போவார். படத்தில் கமல்ஹாசனின் குரல் தொடக்கத்தில் கொஞ்சம் சொல்லிவிட்டு விலகிவிடுகிறது. அதன் பிறகு பெயர் மழை. அருள்மொழியும் பொன்னியின் செல்வனும் ஒருவரே. ஊமை ராணியும் மந்தாகினியும் ஒருவரே. பழுவேட்டரையர் என்றால் இருவர். புதிதாகப் பார்ப்பவர் திணறுவதில் வியப்பில்லை.

அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வம்சாவளி இவ்வளவுதான். முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராஜாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் யானை மேல் இருந்தபடி மாண்டான். அடுத்தவர் கண்டராதித்தர் அரசரானார். அவர் இறந்தபோது மகன் மதுராந்தகன் குழந்தை. அதனால் பட்டம் தம்பி அரிஞ்சயருக்கும், பிறகு அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழருக்கும் போயிற்று. சுந்தர சோழரின் பிள்ளைகள்தான் கரிகாலன், குந்தவை, அருள்மொழி. ஆகவே வளர்ந்து நிற்கும் மதுராந்தகன் பட்டத்தைக் கேட்பது வெறும் பேராசை இல்லை. மூத்தவர் வழி என்ற முறையில் அவனுக்கும் நியாயம் இருக்கிறது. இதைப் படம் ஓரிரு வரிகளில் கடந்துபோவது பின்னால் பெரிய ஓட்டையாகிறது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நந்தினி-கரிகாலன் கதை, படம் நாவலைவிடத் துணிந்த இடம். நாவலில் அவர்களுடைய இளமைக்காலம் பிறர் வாயிலாகவும் கரிகாலனின் புலம்பலாகவும் வருகிறது. இரண்டாம் பாகம் அதை நேரடியாகக் காட்டித் தொடங்குகிறது. முதல் பாகத்தில் கரிகாலன் எதற்காக இப்படி எரிந்துகொண்டு அலைகிறான் என்ற கேள்விக்கு அங்கே உருவம் கிடைக்கிறது. அதனால் கடம்பூரில் இருவரும் சந்திக்கும்போது, அவன் கொல்லப்படப் போகிறானா என்பதைவிட, சாவைத் தேடித்தான் வந்திருக்கிறானா என்பது நம்மைப் பிடித்துக்கொள்கிறது. விக்ரமின் மிகச் சிறந்த காட்சி அது.

அருள்மொழிக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. படத்தின் பெயருக்குரியவர் தாமதமாக வருகிறார். வந்த பிறகும் அவருக்குள் எந்தப் போராட்டமும் இல்லை. வீரம், கருணை, பணிவு எல்லாம் முழுதாக இருக்கும் ஒருவரை வைத்துக்கொண்டு நடிகர் என்ன செய்வார்? ஜெயம் ரவி கண்ணியமாக நின்றிருக்கிறார். கடைசியில் அவர் மகுடத்தை விட்டுக்கொடுக்கும்போது நெஞ்சு கலங்காததற்குக் காரணமும் இதுதான்: அவர் அதை ஒருபோதும் ஆசைப்பட்டதாகப் படம் காட்டவில்லை.

கட்டடங்கள் குறித்த குறை பலரும் சொன்னது. அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் முழு நியாயம் இல்லை. அரண்மனைக் காட்சிகளில் ஒரு பகுதி மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சா, குவாலியர் போன்ற இடங்களில் எடுக்கப்பட்டது. அந்தக் கோட்டை மாளிகைகள் 15-ஆம் நூற்றாண்டையோ அதற்குப் பிந்தைய காலத்தையோ சேர்ந்தவை. அவற்றின் வளைவுகளும் மாடங்களும் சோழ நாட்டுக்கு அன்னியம். அதே நேரம், 10-ஆம் நூற்றாண்டுச் சோழ அரண்மனை என்று காட்ட ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. அவை செங்கல்லும் மரமும் ஓடும் கொண்டவை. கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டு அகழாய்வில் கிடைத்ததும் செங்கல் சுவர்களின் அடிப்பகுதியும் கூரை ஓடுகளும்தான். தஞ்சைப் பெரிய கோயில் 1010-இல் முடிந்தது. கதை நடப்பது அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு. ஆக எதை எடுத்தாலும் கற்பனைதான். என் குறை வேறு: மரத்தூண், ஓட்டுக்கூரை, முற்றம் என்று கலை இயக்குநர் தோட்டா தரணி தாமே புதிதாகக் கட்டியிருந்தால் படத்துக்கென்று ஓர் உலகம் கிடைத்திருக்கும். கடன் வாங்கிய கல் மாளிகைகள் காவிரிச் சமவெளியின் ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றன. ‘பொன்னி நதி’ பாடலில் வரும் அந்தப் பச்சையும் தண்ணீரும் பிறகு எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கிறது.

வரலாற்றில் இடிக்கும் பெரிய இடம் இராட்டிரகூடர்தான். மூன்றாம் கிருஷ்ணன் 967-இல் இறந்த பிறகு அந்த அரசு சரியத் தொடங்கிவிட்டது. அவனுக்குப் பின் வந்த கொட்டிகன் காலத்தில், 972-இல், பரமார மன்னன் சீயகன் அவர்களுடைய தலைநகரான மான்யகேடத்தையே சூறையாடினான்; அடுத்த ஆண்டு சாளுக்கியத் தைலபன் கதையை முடித்தான். தன் வீட்டையே காக்க முடியாத ஓர் அரசு சோழ நாட்டின் மீது பெரும்படை திரட்டி வந்ததாகக் காட்டுவது கற்பனைக்குக்கூடச் சற்று அதிகம். கதைக்கு அது ஏதாவது செய்திருந்தால் மன்னித்துவிடலாம். செய்யவில்லை.

இனி மதுராந்தகன். நாவலில் கல்கி ஒரு சாமர்த்தியம் செய்தார்: இதுவரை மதுராந்தகன் என்று நினைத்தவன் உண்மையான மகன் அல்ல, கோயிலில் பூத்தொண்டு செய்துகொண்டிருந்த சேந்தன் அமுதனே கண்டராதித்தரின் பிள்ளை என்று முடிச்சை அவிழ்த்தார். நாம் நேசித்த ஒரு சாதுவுக்கு மகுடம் போவதால் அருள்மொழியின் தியாகம் இனிக்கிறது. அந்த ஆள்மாறாட்டம் இன்றைய பார்வையாளரிடம் எடுபடாது என்று படம் அதை விட்டதில் தவறில்லை. ஆனால் அதை விட்டால், மதுராந்தகன் மகுடத்துக்குத் தகுதியானவன் என்பதை வேறு வழியில் நிறுவியிருக்க வேண்டும். நடிகர் ரஹ்மான் ஏற்ற மதுராந்தகனைப் படம் நெடுக முகம் கடுத்த அதிருப்தியாளராகவே காட்டிவிட்டு, கடைசியில் அவர் தலையில் மகுடத்தை வைக்கும்போது கைதட்டச் சொன்னால் எப்படி? மேலே சொன்ன வம்சாவளி நியாயத்தை முதல் பாகத்திலேயே அவனுடைய தாய் செம்பியன் மாதேவி வாயிலாகவோ சுந்தர சோழரின் குற்ற உணர்வாகவோ வலுவாக வைத்திருந்தால், முடிவு தானாக நின்றிருக்கும்.

கல்வெட்டுகள் தரும் செய்தி இதைவிடக் கூர்மையானது. அருள்மொழி தன் சிற்றப்பன் விரும்பும்வரை அரசை ஏற்க மறுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. படத்தின் முடிவு அதைத்தான் பின்பற்றுகிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டோ, ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்’ என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் குறிப்பிட்டு, அவர்களுடைய உறவினரின் நிலம் பறிமுதலாவதைச் சொல்கிறது. அந்த ஆணை ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டில் வருகிறது; கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்ட பிறகு. இடையில் பெரும்பகுதி ஆண்டவர் உத்தம சோழர் என்ற அந்த மதுராந்தகர். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி இதை வைத்து அவர் மீது சந்தேகப்பட்டார், மறுத்தவர்களும் உண்டு. அண்ணனைக் கொன்றவர்கள் யார் என்று தெரிந்தும், தண்டிக்கும் அதிகாரத்தை இன்னொருவர் கையில் தானே கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒரு தம்பி: அருள்மொழிக்கு இல்லாமல் போன அகப்போராட்டம் முழுவதும் இந்த ஒரு கல்வெட்டில் இருக்கிறது. ரவிதாசனைப் படம் கிஷோரை வைத்துக் காட்டுகிறது, கொலைக்குத் திட்டமிட வைக்கிறது. ஆனால் மகுடம் சூட்டும் காட்சியில் அவனைப் பற்றிய கேள்வியை யார் மனத்திலும் வைக்கவில்லை.